புது ஸ்பீக்கர் போட்டும் பேஸ் எங்கே? அப்பாவின் காதும் ஒரு கார் கதவும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பக் பத்தி. ஆனா கோட்ல வந்த பக் இல்ல, எங்க அப்பாவோட கார்ல வந்த பக். அதை வச்ச ஆளும் ஒருவகையில நான்தான், ஏன்னா செலவு பண்ணி அதை வாங்கினதே நான்தான்.

நடந்தது இதுதான். எங்க வீடு தஞ்சாவூர்ல. வயல் ஒரத்தநாடு பக்கம், புது ஆத்துப் பாசனம். அப்பா வாரத்துல நாலு நாளாவது வயலுக்குப் போயிட்டு வருவாரு. பழைய ஹேட்ச்பேக் ஒண்ணு. அதுல ஒரு பென்டிரைவ், அந்த பென்டிரைவ் முழுக்க நாதஸ்வரக் கச்சேரி. கேசட்டா இருந்ததை எல்லாம் நான் காலேஜ் படிக்கும்போது எம்பி3-யா மாத்திக் கொடுத்தது. போறப்ப ஒரு ராகம், வர்றப்ப ஒரு தனி ஆவர்த்தனம். அவரோட நாள் அப்படித்தான் ஓடும்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப அவருக்கு சர்ப்ரைஸா முன் கதவு ரெண்டுலயும் 6.5 இன்ச் கம்பொனன்ட் ஸ்பீக்கர் போட்டேன். வூஃபர் கதவுல, ட்வீட்டர் கண்ணாடி ஓரத்துல. கம்பெனி ஸ்டீரியோ அப்படியே, பின் கதவு ஸ்பீக்கரும் அப்படியே. கடையில போட்டுக் காமிச்சப்ப சும்மா பளிச்சுன்னு இருந்துச்சு. அப்பா ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "நல்லாருக்கு தம்பி"ன்னாரு. அந்த "நல்லாருக்கு" எப்படி இருந்துச்சுன்னா, ஹோட்டல் சாம்பாரைப் பத்தி அம்மா சொல்ற "நல்லாருக்கு" மாதிரி.

பொங்கலுக்கு மறுபடி வந்தேன். சம்பா அறுப்பு நேரம். அப்பா கூட வயலுக்குப் போறேன், கார்ல பாட்டே ஓடல. "என்னப்பா, பென்டிரைவ் எங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம ஓட்டினாரு. அப்புறம் சொன்னாரு: "தவிலே கேக்க மாட்டேங்குதுடா. விரல் சத்தம் மட்டும் டக்கு டக்குன்னு கேக்குது, தொப்பி கேக்கல. வயசாச்சுல்ல, காது போவுது போல. அம்மாகிட்ட சொல்லாத."

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணேன், இது காதா காரான்னு கண்டுபிடிக்காம ஊருக்குத் திரும்பப் போறதில்ல.

முதல் கேள்வி: காதா, காரா?

தவில் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பலா மரத்தைக் குடைஞ்சு செஞ்ச உடல், ரெண்டு பக்கம் தோல். வலந்தலையை விரல்ல கூடு மாட்டி அடிப்பாங்க. அது கூர்மையான, உயரமான சத்தம். இன்னொரு பக்கம் தொப்பி, அதைக் குச்சியால அடிப்பாங்க. அதுதான் கீழ் சத்தம், நெஞ்சுல வந்து இறங்குற சத்தம். நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை, ஹரித்வாரமங்கலம் பழனிவேல்னு நம்ம டெல்டா ஊர் பேரையே முன்னாடி போட்டுக்கிட்ட தவில் மேதைங்க உண்டு. இந்த ஊர் ஆளுக்குத் தொப்பி கேக்கலன்னா அது சின்ன விஷயம் இல்ல.

இப்ப யோசிங்க. வயசாகி காது மங்கும்போது பொதுவா முதல்ல போறது மேல் சத்தம். ட்வீட்டர் ஏரியா. ச, ஸ மாதிரியான எழுத்துங்க மங்கும். அதனாலதான் பெரியவங்க "நீ பேசுறது கேக்குது, என்ன சொல்றன்னுதான் புரியல"ம்பாங்க. கீழ் சத்தம் பெரும்பாலும் கடைசி வரைக்கும் ஓரளவு நிக்கும். ஆனா அப்பா சொன்ன கம்ப்ளைன்ட் தலைகீழா இருக்கு. விரல் சத்தம் கேக்குதாம், தொப்பி கேக்கலையாம். அதுவும் தீபாவளிக்கு அப்புறமா. கோயில்ல நேர்ல வாசிக்கிறப்ப கேக்குதான்னு கேட்டேன். "அது நல்லா கேக்குதே"ன்னாரு.

டீபக் பண்றவங்களுக்குத் தெரியும், ஒரே ஒரு இடத்துல மட்டும் பிரச்சினை, அதுவும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்துக்கு அப்புறம் மட்டும்னா, சந்தேகம் முதல்ல அந்த மாற்றத்து மேலதான் போகணும். சந்தேகம் காதுல இருந்து காருக்கு மாறிடுச்சு.

பேஸ்னா என்ன, அது ஏன் முதல்ல காணாமப் போகுது?

கொஞ்சம் பிசிக்ஸ், பயப்படாதீங்க. சத்தம் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடும். 60 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை நீளம் 5.7 மீட்டர். உங்க கார் கேபினை விடப் பெருசு. 3000 ஹெர்ட்ஸ் அலை 11 சென்டிமீட்டர்தான்.

ஸ்பீக்கர் கோன் முன்னாடி தள்ளும்போது முன்பக்கக் காத்து அழுந்தும், அதே நேரம் பின்பக்கத்துல காத்து இளகும். இந்த ரெண்டும் சந்திச்சா ஒண்ணை ஒண்ணு கேன்சல் பண்ணிடும். மேல் சத்தத்துல கோன் ரொம்ப வேகமா ஆடுறதால காத்துக்குப் பின்பக்கம் சுத்திப் போக நேரமே இருக்காது. கீழ் சத்தத்துல ஆட்டம் நிதானம், தாராளமா நேரம் இருக்கு. அதனால எங்கயாவது வழி கிடைச்சா முதல்ல தப்பிச்சு ஓடுறது பேஸ்தான்.

இன்னொண்ணு. அதே அளவு சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழ கொடுக்கணும்னா, அதாவது 100 ஹெர்ட்ஸ்க்குப் பதிலா 50 ஹெர்ட்ஸ்ல, கோன் நாலு மடங்கு தூரம் ஆடணும். பேஸ் எப்பவுமே உழைப்பு ஜாஸ்தி கேக்குற வேலை.

நம்ம காதும் இதுக்கு ஒத்துழைக்காது. 1933-லயே பெல் ஆய்வகத்துல ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காமிச்சாங்க: சத்தம் குறையக் குறைய, நம்ம காதுக்கு பேஸ் மட்டும் இன்னும் வேகமா குறையற மாதிரி தோணும். அதனால "முன்னாடி, பின்னாடி"ன்னு ஒப்பிடும்போது வால்யூம் ஒரே அளவுல இருக்கணும். இல்லன்னா உங்க டெஸ்ட்டே தப்பு.

டெஸ்ட் 1: செட்டிங்ஸ்

செலவே இல்லாததுல ஆரம்பிப்போம். ஈக்வலைசர் முழுக்க பூஜ்யம். ஃபேடர் முழுக்க முன்பக்கம், பின் ஸ்பீக்கர் குழப்பக் கூடாது. உங்ககிட்ட வெளியில வாங்கிப் போட்ட ஸ்டீரியோ இருந்தா, மெனுவுல ஹை பாஸ் ஃபில்டர், சுருக்கமா எச்.பி.எஃப்.னு ஒண்ணு இருக்கும். அது ஆன் ஆகி 100, 120-ல நின்னா, அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் வாசல்லயே நிறுத்திடும். சப்வூஃபர் இல்லாதவங்க அதை ஆஃப் பண்ணுங்க, இல்ல கிடைக்கிறதுலயே கீழான அளவுல வைங்க. எங்க கம்பெனி ஸ்டீரியோவுல அந்த மெனுவே கிடையாது. ஈக்வலைசர் ஏற்கனவே பூஜ்யம். ஆக, அடுத்தது.

டெஸ்ட் 2: பேலன்ஸ் திருப்பு

இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கங்க. பேஸ் நல்லா இருக்கிற ஒரு பாட்டைப் போடுங்க. பேலன்ஸ் நடுவுல இருக்கட்டும், கேளுங்க. அப்புறம் பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளுங்க. நியாயமா ஒரு ஸ்பீக்கர் அடங்கிட்டதால பேஸ் குறையணும். குறையாம ஏறுச்சுன்னா, ரெண்டு ஸ்பீக்கரும் ஒண்ணுக்கொண்ணு எதிரா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

எங்க வண்டியில வலது பக்கம் தள்ளினேன். தொப்பி "தொம்"முன்னு வந்துச்சு. அப்பா திரும்பிப் பார்த்தாரு.

காரணம் போலாரிட்டி. ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ், மைனஸ் ஒயர் மாறியிருந்தா, அது வெளிய தள்ளுற நேரத்துல இன்னொண்ணு உள்ள இழுக்கும். சேத்துல மாட்டின டிராக்டர் டிப்பரை ஒருத்தர் முன்னாடி தள்ள, இன்னொருத்தர் பின்னாடி இழுத்தா எப்படி இருக்கும்? ரெண்டு பேருக்கும் வேர்க்கும், வண்டி நகராது. மேல் சத்தத்துல அலை குட்டியா இருக்கிறதால முழுசா கேன்சல் ஆகாது, சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியாம கலைஞ்ச மாதிரி இருக்கும். அதான் கடையில எனக்கு "பளிச்சுன்னு பரவலா" தெரிஞ்சிருக்கு. நான் அதை குவாலிட்டின்னு நினைச்சேன்!

உறுதி பண்ணணும்னா 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். கதவு பேனலைக் கழட்டி, ஸ்பீக்கரை ஸ்டீரியோ ஒயர்ல இருந்து பிரிச்சுட்டு, பேட்டரி பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்லயும், மைனஸ்ஸை மைனஸ்லயும் ஒரு நொடி தொடுங்க. கோன் வெளிய வரணும். இதுல ஸ்பீக்கர்ல போட்டிருக்கிற குறி சரியான்னு தெரிஞ்சிடும். அப்புறம் கார்ல இருந்து வர்ற ரெண்டு ஒயர்ல எது பிளஸ்னு வண்டியோட ஒயரிங் படத்துல பாருங்க. கம்பெனி ஒயர்ல கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிவப்புதான் பிளஸ்னு நம்பாதீங்க. ட்வீட்டர்ல மட்டும் பேட்டரி வைக்காதீங்க, அது தாங்காது. சில வண்டியில கதவுக்குள்ள ஏர்பேக் சென்சார் இருக்கும். பேனலைக் கழட்டுறதுக்கு முன்னாடி கார் பேட்டரி மைனஸ்ஸைக் கழட்டிடுங்க, சந்தேகம் இருந்தா தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட வச்சுக்கங்க.

எங்க இடது கதவுல ஒயர் மாறித்தான் இருந்துச்சு. மாத்தினேன். அப்பாவைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். கண்ணை மூடிக் கேட்டுட்டு, "பாதி வந்திருக்கு"ன்னாரு.

ஒரு பக் சரியாச்சுன்னு டிக்கெட்டை மூடுற ஆளு நான். அந்த "பாதி" இல்லன்னா அன்னைக்கே பேனலை மாட்டியிருப்பேன்.

டெஸ்ட் 3: கதவுல இருக்கிற நண்டு வளை

பேனல் கழட்டி இருக்கும்போதே போன்ல இருந்து 60 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை மெதுவா ஓட விட்டேன். ஸ்பீக்கர் வளையத்தைச் சுத்திக் கையை வச்சுப் பார்த்தா, கீழ் ஓரத்துல காத்து "புஸ் புஸ்"ஸுன்னு அடிக்குது. கடையில போட்டது எல்லா வண்டிக்கும் பொருந்துற பிளாஸ்டிக் வளையம். நாலு ஸ்க்ரூ போட வேண்டிய இடத்துல ரெண்டுதான் சரியா உக்காந்திருக்கு. வளையத்துக்கும் கதவு இரும்புக்கும் நடுவுல விரல் நகம் நுழையற சந்து. பழைய கம்பெனி ஸ்பீக்கரை எடுத்துப் பார்த்தேன் (நல்லவேளை தூக்கிப் போடல). அது அந்தக் கதவுக்குன்னே வார்த்த பிளாஸ்டிக் உடல், பின்னாடி ஸ்பாஞ்ச், முன்னாடி ஸ்பாஞ்ச். வெறும் பேப்பர் கோன், சின்ன காந்தம். ஆனா ஒரு சொட்டுக் காத்து வெளிய போகாது.

அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு நான் யோசிக்கிறதுக்குள்ள அவரே குனிஞ்சு பார்த்துட்டுச் சொன்னாரு: "வரப்புல நண்டு வளை மாதிரியாடா?" அதேதாங்க. வயல்ல எவ்வளவு தண்ணி கட்டினாலும் வரப்புல நண்டு ஒரு வளை போட்டுச்சுன்னா காலையில வந்து பார்த்தா வயல் காஞ்சிருக்கும். மோட்டாரைப் பெருசாக்கி பிரயோஜனம் இல்ல. வளையை மிதிச்சு அடைக்கணும். நான் 6.5 இன்ச்ல பெரிய மோட்டார் வாங்கி வச்சிருக்கேன், வரப்பைப் பார்க்கவே இல்ல.

கார் கதவுதான் ஸ்பீக்கரோட பெட்டி. தவிலுக்குப் பலா மரம் மாதிரி ஸ்பீக்கருக்குக் கதவு. தவில் உடல்ல விரிசல் விட்டா தோல் எவ்வளவு நல்ல தோலா இருந்து என்ன?

செஞ்சது இதுதான். பிளாஸ்டிக் வளையத்தைத் தூக்கிட்டு, தச்சர் ஒருத்தர்கிட்ட வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்ல அளவெடுத்து வளையம் வெட்டி, பெயின்ட் அடிச்சு மாட்டினேன். நிறைய வீடியோவுல எம்.டி.எஃப். சொல்வாங்க. ஆனா கதவுக்குள்ள மழைத்தண்ணி இறங்கும், நம்ம ஊரு ஐப்பசி, கார்த்திகை மழையில சாதா எம்.டி.எஃப். ஊதிடும். வளையத்துக்குப் பின்னாடி ஃபோம் டேப். நாலு ஸ்க்ரூவும் இறுக்கமா. ஸ்பீக்கருக்கும் கதவு பேனல் ஜாலிக்கும் நடுவுல இன்னொரு சுத்து ஃபோம், இல்லன்னா சத்தம் பேனலுக்குள்ளேயே அலையும். கதவோட உள் இரும்புல இருக்கிற பெரிய ஓட்டைங்களை பியூட்டைல் ஷீட்டால மூடினேன். வெளித் தகட்டுக்கு உள்பக்கமும் ரெண்டு துண்டு ஒட்டினேன், அதிர்வு குறைய.

ஒரு எச்சரிக்கை: கதவு அடியில சின்னச் சின்ன வடிகால் துளை இருக்கும். அதை மட்டும் அடைக்காதீங்க. கண்ணாடி வழியா இறங்கின மழைத்தண்ணி அது வழியாத்தான் வெளிய போகும். அடைச்சா கதவுக்குள்ள தண்ணி நின்னு துரு பிடிக்கும். வரப்பை அடைக்கலாம், வடிகாலை அடைக்கக் கூடாது. இதை டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

டெஸ்ட் 4: வாட் கணக்கு

கமென்ட்ல வரப்போற கேள்வி தெரியும்: "ப்ரோ, ஆம்ப் போடாம ஸ்பீக்கர் மாத்தினா இப்படித்தான்." ஓரளவு உண்மை. ஆனா கணக்கைப் பார்த்துட்டுப் பேசுவோம்.

ஸ்டீரியோ டப்பா மேல "50 வாட் x 4"ன்னு இருக்கும். இந்த 50 எங்க இருந்து வருது? வண்டி ஓடும்போது சுமார் 14.4 வோல்ட். 14.4-ஐ 14.4-ஆல பெருக்கி 4 ஓமால வகுத்தா 51.84. அதாவது முழு வோல்ட்டும் நிக்காம போனாதான் அந்த 50. நிஜமான பாட்டு அலை ஏறி இறங்கும். சைன் அலைன்னா அதுல பாதி, 26 வாட் உச்சவரம்பு. சர்க்யூட் நஷ்டம் போக சுத்தமா கிடைக்கிறது 20 வாட் சுத்துவட்டாரம். ஸ்பீக்கர் மேல "350 வாட்"னு எழுதியிருந்தா அது தாங்குற அளவு, கொடுக்கிற அளவு இல்ல.

அதனால வாங்கும்போது பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி. ஒரு ஸ்பீக்கர் இன்னொண்ணைவிட 3 டெசிபெல் குறைவுன்னா, அதே சத்தத்துக்கு ரெண்டு மடங்கு பவர் வேணும். அப்புறம் ஓம். சில வண்டியில கம்பெனி ஸ்பீக்கர் 2 ஓம் இருக்கும். அங்க 4 ஓம் போட்டா அதே வோல்ட்டுக்கு பவர் பாதியாயிடும். மல்டிமீட்டர் வச்சுப் பார்க்கலாம், 4 ஓம் ஸ்பீக்கர் பொதுவா 3-க்கும் 4-க்கும் நடுவுல காமிக்கும். எங்க பழசு 3.4, புதுசு 3.3. அங்க பிரச்சினை இல்ல.

சரி, ஆம்ப் எப்ப போடலாம்? போலாரிட்டி சரி, கதவு அடைச்சாச்சு, செட்டிங் சரி, அப்பவும் வால்யூம் ஏத்தினா சத்தம் கிழியுதுன்னா போடுங்க. 40, 50 ஹெர்ட்ஸ்ல சீட் அதிரணும்னா அது 6.5 இன்ச் வேலையே இல்ல, சப்வூஃபர்தான். ஆனா வரிசை முக்கியம். எதிரெதிரா மாட்டின ஸ்பீக்கருக்கு ஆம்ப் போட்டா, இன்னும் பலமா கேன்சல் ஆகும், அவ்வளவுதான்.

மறுநாள்

காலையில ஒரத்தநாடு ரோட்டுல போறோம். ஈக்வலைசர்ல பேஸ் மட்டும் ஒரு படி ஏத்தி வச்சிருந்தேன். தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சுச்சு. அப்பா எதுவும் சொல்லல. கொஞ்ச தூரம் போனதும் இடது கை ஸ்டியரிங் மேல தாளம் போட ஆரம்பிச்சுது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

வயல் வந்ததும் இறங்கி, கதவை ஒரு தட்டு தட்டிட்டு, "காது இல்லடா, கதவு"ன்னு சிரிச்சாரு.

இங்கயே எபிசோடை முடிச்சிருக்கலாம். ஆனா இன்னொரு விஷயம் இருக்கு, அதைச் சொல்லலன்னா நேர்மையா இருக்காது. அந்த வாரமே அவரைக் காது பரிசோதனைக்கும் கூட்டிட்டுப் போனேன். ஆடியோகிராம் எடுத்தாங்க. கீழ் சத்தமெல்லாம் நல்லா இருக்கு. மேல் சத்தம், 4000 ஹெர்ட்ஸ்க்கு மேல, ரெண்டு காதுலயும் இறங்கியிருக்கு. அவர் வயசுக்கு எதிர்பார்க்கிறதுதான், வருஷா வருஷம் வந்து பார்த்துக்கங்கன்னாங்க.

அந்த கிராஃபைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சுது. நான் காசு கொடுத்துச் சேர்த்தது அந்த ட்வீட்டர் பளபளப்பு. அது அவர் காதுல பாதிதான் விழும். என் கவனக்குறைவுல எடுத்தது தொப்பி. அது அவருக்கு முழுசா கேட்டுக்கிட்டு இருந்தது. என் காதுக்கு டெஸ்ட் பண்ணி, அவர் கார்ல ரிலீஸ் பண்ணியிருக்கேன். யூசரைக் கேக்காம அப்டேட் தள்ளுற டெவலப்பர் நான்தான்.

அதைவிட, ரெண்டு மாசம் ஒரு மனுஷன் தன் காது போயிடுச்சுன்னு நினைச்சு, யார்கிட்டயும் சொல்லாம பாட்டை நிறுத்தியிருக்காரு. ரெண்டு ஒயரும் ஒரு சந்தும்தான் காரணம்.

ஒரு தடவை வேகமா

ஸ்பீக்கர் மாத்தி பேஸ் குறைஞ்சா, இந்த வரிசையில போங்க:

1. ஒரே வால்யூம்ல ஒப்பிடுங்க. ஈக்வலைசர் பூஜ்யம், எச்.பி.எஃப். ஆஃப்.
2. ஃபேடர் முன்னாடி, பேலன்ஸ் திருப்பு. பேஸ் ஏறினா போலாரிட்டி.
3. வளையத்தைச் சுத்திக் கை வைங்க. காத்து அடிச்சா அடைங்க. வடிகால் துளையை விட்டுடுங்க.
4. ஓம், சென்சிடிவிட்டி பாருங்க.
5. இதெல்லாம் முடிச்சுட்டு மட்டும் ஆம்ப், சப்வூஃபர்.

ஒரு நேரத்துல ஒரு மாற்றம் மட்டும் பண்ணுங்க, பண்ணிட்டுக் கேளுங்க. பழைய ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாதீங்க, அதுதான் உங்க ரோல்பேக்.

வீட்டுல பெரியவங்க யாராவது "முன்ன மாதிரி கேக்கல"ன்னு சொன்னா, வால்யூமை ஏத்திக் கொடுத்துட்டு நகந்துடாதீங்க. என்ன கேக்கல, எது கேக்குது, எப்பத்துல இருந்துன்னு மூணு கேள்வி கேளுங்க. அப்புறம் காரையும் பாருங்க, காதையும் பாருங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரேன் மக்களே.